மாடியில் ஒரு சுவர்

சூரியநெல்லியில் சிலர் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொந்த வீடு கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் மாடியில் ஓர் அறை தேவைப்படுகிறது. கான்கிரீட் தளம்தான் இருக்கிறதே, அதன்மேல் சுவர் வைத்தால் போதாதா?

போதாது. பத்தடி நீளம், பத்தடி உயரம், நாலரை அங்குலக் கனம் உள்ள செங்கல் சுவர் சுமார் 2 டன் எடை இருக்கும். முப்பது பேர் ஒரே வரிசையில் நிற்பது போல! ஆட்கள் இறங்கிப் போய்விடுவார்கள். சுவர் போகாது.

ஆகவே, கீழே சுவரோ பீமோ உள்ள இடத்துக்கு நேர் மேலேதான் புதுச் சுவர் வர வேண்டும். அஸ்திவாரமும் அதைத் தாங்க வேண்டும். நடுத்தளத்தில் சுவர் எழுப்பினால் தளம் தொய்யும். அடியில் விரிசல் விடும். நம் ஊர் மழையைச் சொல்ல வேண்டுமா? ஈரம் இறங்கி உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும்.

வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடத்தில் அனுமதி இல்லாமல் மாடிகள் ஏற்றினார்கள். 2013 ஏப்ரல் 23 அன்று அதில் விரிசல் கண்டது. மறுநாளும் தொழிலாளர்களை உள்ளே வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள்.

நடுவில்தான் தடுப்பு வேண்டுமா? பொறியாளரைக் கேளுங்கள். பலகைத் தடுப்பே போதும் என்று அவர் சொல்லலாம். பஞ்சாயத்து அனுமதியும் வேண்டும்.

சுவர் வரும் இடத்தில் தளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். பாசி, தூசி போகக் கழுவி, சிமெண்ட் பால் ஊற்றிய பிறகே கலவை போட வேண்டும். செங்கலைத் தளத்தின் நடுவில் குவிக்கக் கூடாது. கட்டிய சுவருக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும்.