'டு'வுக்கும் வினைக்கும் நடுவே

'ஷி இஸ் ஃபுல்லி ரெடி டு சப்போர்ட் அஸ்' என்றால் அவர் முழுமையாக ஆயத்தமாகிவிட்டார் என்று பொருள். 'ஷி இஸ் ரெடி டு ஃபுல்லி சப்போர்ட் அஸ்' என்றாலோ, அவர் தரப்போகும் ஆதரவுதான் முழுமையானது. சொற்கள் அவையேதான். 'ஃபுல்லி' என்ற வினையடை முதல் வாக்கியத்தில் 'ரெடி' என்ற பெயரடையைத் தழுவுகிறது. இரண்டாவதில் 'டு' சேர்ந்த வினையை. ஆங்கிலத்தில் இடமே பொருளைத் தீர்மானிக்கிறது. ஆனாலும் 'டு'வையும் வினையையும் பிரிக்கவே கூடாது என்று நம் பிள்ளைகளில் பலருக்கு இன்றும் கற்பிக்கிறோம். ஆங்கில அறிஞர் ஹென்றி ஆல்ஃபோர்ட் 1864-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பிரிப்பை எதிர்த்தார். அதன் பிறகு எதிர்ப்பு வலுத்தது.

ஆங்கிலத்தின் 'டு' சேர்ந்த வினைக்கு இணையானது லத்தீனில் ஒரே சொல், அதைப் பிரிக்க இயலாது என்று ஒரு வாதம் உண்டு. லத்தீனின் இயல்பு ஆங்கிலத்தை ஏன் கட்டுப்படுத்த வேண்டும்? வினையடையை வேறு இடத்துக்குத் தள்ளலாமே என்றும் கேட்பார்கள். பல இடங்களில் தள்ளலாம்தான். ஆனால் 'ஹி ஃபெயில்ட் டு கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் இட்' என்றால் அவருக்குப் பாதியாவது புரிந்திருக்கிறது. 'ஹி ஃபெயில்ட் கம்ப்ளீட்லி டு அண்டர்ஸ்டாண்ட் இட்' என்று மாற்றினால் எதுவுமே புரியவில்லை என்றாகிவிடும்! விதியைக் காக்கப் பொருளைப் பலிகொடுப்பது இலக்கணம் ஆகாது. 1926-இல் வெளியான ஆங்கில வழக்கு அகராதியில் அதன் ஆசிரியர் ஃபௌலரும், பொருள் குழம்புவதைவிடப் பிரிப்பதே மேல் என்றார். ஆசிரியர்களே, அப்படி எழுதும் மாணவரின் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.