செங்கல்லிடம் யோசனை கேட்ட கட்டிட மேதை!

1974-ம் ஆண்டு மார்ச் மாதம் 17-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தின் பெரிய ரெயில் நிலையம். ஆண்கள் கழிப்பறையில் ஒரு கிழவர் விழுந்து கிடந்தார். குள்ளமான உருவம். முகத்தில் பழைய தீக்காயத் தழும்பு. மாரடைப்பால் உயிர் போய்விட்டது.

போலீசார் அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்கள். அதில் வீட்டு முகவரி கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதனால் குடும்பத்தாருக்கு உடனே தகவல் போகவில்லை. கேட்பாரற்ற பிணமாக அவர் உடல் சவக்கிடங்கில் கிடந்தது.

அவர் யார்?

உலகம் போற்றிய கட்டிடக் கலை மேதை லூயி கான்! இந்தியாவில், ஆமதாபாத்தில் தாம் கட்டிக்கொண்டிருந்த கல்லூரியைப் பார்வையிட்டு விட்டுத் திரும்பி வந்த வழியில்தான் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 73.

தீயில் கருகிய முகம்

லூயி கான் 1901-ம் ஆண்டு பிறந்தார். ஊர், பால்டிக் கடல் ஓரத்தில் உள்ள எஸ்தோனியா. அது அப்போது ரஷிய மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஏழை யூதக் குடும்பம்.

குழந்தைக்கு 3 வயது. அடுப்பில் தகதக என்று எரிந்த கரித்துண்டுகளின் அழகு அவனை மயக்கியது. கிட்டே போய் அள்ளினான். சட்டையில் தீப்பிடித்து முகமும் கையும் கருகின.

"இப்படி உயிரோடு இருப்பதை விட இவன் இறந்து போவதே மேல்" என்று தந்தை கலங்கினாராம். "இல்லை, இவன் பிழைப்பான், பெரிய மனிதன் ஆவான்" என்று தாய் சொன்னாளாம். தாய் சொன்னதே பலித்தது.

1906-ல் குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போனது. பிலடெல்பியா நகரில் குடியேறியது. பென்சில் வாங்கக் கூடக் காசு இல்லை. சுள்ளிகளைக் கரியாக்கி, அந்தக் கரியால் சிறுவன் படம் வரைந்தான். கொஞ்சம் வளர்ந்ததும், ஊமைப்படம் ஓடும் தியேட்டரில் பியானோ வாசித்துச் சம்பாதித்தான்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டிடக் கலை படித்து, 1924-ல் பட்டம் பெற்றார், கான்.

50 வயதுக்கு மேல் வந்த புகழ்

பட்டம் பெற்றதும் புகழ் வந்து விட்டதா? இல்லை. வேலை கிடைக்காமல் திண்டாடிய காலமும் உண்டு. பிறகு சிறு சிறு வீடுகளும் குடியிருப்புகளும் கட்டினார். யேல் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஐம்பது வயது வரை அவர் பெயர் வெளி உலகத்துக்குத் தெரியாது.

1950-ல் ரோமாபுரிக்குப் போனார். அங்கும், பிறகு கிரேக்க நாட்டிலும் எகிப்திலும் இடிந்து கிடக்கும் பழைய மாளிகைகளையும், கோவில்களையும், பிரமிடுகளையும் பார்த்தார். கூரை போய்விட்டது, மன்னர்கள் போய்விட்டார்கள். ஆனால் சுவர்களின் கம்பீரம் மட்டும் போகவில்லை!

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இரும்பும் கண்ணாடியுமாகப் பளபளக்கும் கட்டிடங்கள்தான் நாகரிகம். கானின் மனம் வேறு பக்கம் திரும்பியது. கனமான சுவர், உள்ளே வந்து விழும் வெளிச்சம் - இந்த இரண்டையும் வைத்தே புது மாதிரியாகக் கட்ட முடிவு செய்தார்.

1953-ல் யேல் பல்கலைக்கழகத்தின் ஓவியக்கூடம் எழுந்தது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் கட்டிடம் அதுதான். அப்போது அவருக்கு வயது 52!

டாக்டரின் ஆசை

இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து கண்டுபிடித்தவர் டாக்டர் ஜோனஸ் சால்க். அவர் கலிபோர்னியாவில் கடலோரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடம் கட்ட விரும்பினார். "ஓவியர் பிக்காசோவை அழைத்து வந்து காட்டும்படி அது அழகாக இருக்க வேண்டும்" என்று கானிடம் சொன்னார்.

கான் இரண்டு வரிசையாகக் கட்டிடங்களை எழுப்பினார். ஆராய்ச்சி அறைகளுக்கு மேலே குழாய்களுக்காகவே தனி மாடி வைத்தார். குழாயில் ரிப்பேர் வந்தால், விஞ்ஞானிகளுக்குத் தொந்தரவு இல்லாமல் மேலே போய் வேலை செய்யலாம்.

இரண்டு வரிசைக்கும் நடுவே பெரிய முற்றம். அதில் மரம் நடத்தான் கான் முதலில் நினைத்தார். மெக்சிகோ நாட்டுக் கட்டிடக் கலைஞர் லூயி பரகான் வந்து பார்த்தார். "ஒரு செடி கூட வேண்டாம். வெறும் கல் தளமாக விடுங்கள். வானமே உங்கள் கட்டிடத்தின் முகமாகி விடும்" என்று யோசனை சொன்னார். கான் அப்படியே செய்தார்.

இன்று அந்த முற்றத்தின் நடுவே மெல்லிய நீரோடை ஒன்று கடலைப் பார்த்து ஓடுகிறது. கலிபோர்னியாவுக்குச் சுற்றுலாப் போகும் கட்டிடக் கலை மாணவர்கள் தவறாமல் பார்க்கும் இடம் இது.

செங்கல் என்ன சொன்னது?

1962-ல் இந்தியாவில் இருந்து அழைப்பு வந்தது. ஆமதாபாத்தில் நிர்வாகக் கல்விக் கழகம் கட்ட வேண்டும். விஞ்ஞானி விக்ரம் சாராபாய் முன்னின்று தொடங்கிய நிறுவனம் அது. கானை அழைத்து வந்தவர் கட்டிடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி.

ஆமதாபாத்தில் செங்கல் மலிவு. நல்ல கொத்தனார்களும் உண்டு. கான் செங்கல்லையே தேர்ந்தெடுத்தார்.

மாணவர்களுக்கு அவர் அடிக்கடி ஒரு கதை சொல்வார். "உனக்கு என்ன வேண்டும்?" என்று செங்கல்லைக் கேட்டால், "எனக்கு வளைவு பிடிக்கும்" என்று அது சொல்லுமாம். "வளைவு கட்டச் செலவு அதிகம். கான்கிரீட் உத்திரம் போட்டு விடலாமே?" என்றாலும், "எனக்கு வளைவுதான் பிடிக்கும்" என்றே பதில் வருமாம்!

இது வெறும் வேடிக்கை அல்ல. செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் தாங்காது. வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்திக்கொண்டு நிற்கும். அதனால் பாரம் தானாகவே தரைக்கு இறங்கி விடும். எந்தப் பொருளையும் அதன் குணம் அறிந்து பயன்படுத்த வேண்டும் என்பதே கானின் பாடம்.

சுவர்களில் பெரிய பெரிய வட்டத் திறப்புகளை வைத்தார். வெயில் நேரே அறைக்குள் அடிக்காது. நிழல் உண்டு, காற்றும் உண்டு.

தலைச்சுமையில் எழுந்த பாராளுமன்றம்

அதே 1962-ல் இன்னொரு பெரிய வேலையும் வந்தது. அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த டாக்காவில் பாராளுமன்றக் கட்டிடம்!

சுற்றிலும் ஏரி. நடுவே கோட்டை போன்ற கட்டிடம். மையத்தில் சபை மண்டபம். அதைச் சூழ்ந்து 8 பகுதிகள். சுவர்களில் வட்டமும் முக்கோணமுமாக ராட்சதத் திறப்புகள்.

பெரிய எந்திரங்கள் இல்லை. மூங்கில் சாரம் கட்டி, ஆணும் பெண்ணும் கூடை கூடையாகக் கான்கிரீட்டைத் தலையில் சுமந்து ஏறினார்கள். 5 அடி உயரத்துக்குக் கான்கிரீட் போட்டதும் வேலையை நிறுத்துவார்கள். மேற்கொண்டு போடும்போது இணைப்பில் கோடு தெரியும் அல்லவா? அந்த இடத்தில் வெள்ளைச் சலவைக்கல் பட்டை பதிக்கச் செய்தார், கான். குறையே அழகாகி விட்டது!

1971-ல் போர் மூண்டது. வேலை நின்றது. பாதி எழும்பி நின்ற கட்டிடத்தைப் பழைய இடிபாடு என்று எண்ணி, விமானிகள் குண்டு போடாமல் விட்டார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது.

போர் முடிந்து வங்கதேசம் பிறந்தது. வேலை மீண்டும் தொடங்கியது. 1982-ல் முடிந்தது. அதைப் பார்க்க கான் உயிரோடு இல்லை. அவர் இறந்து 8 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய சகாக்கள் வேலையை முடித்துக் கொடுத்தார்கள்.

வெள்ளி போன்ற வெளிச்சம்

1972-ல் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் கிம்பெல் ஓவியக் காட்சிசாலை திறக்கப்பட்டது. வில் போல் வளைந்த கூரையின் உச்சியில் நீளமான இடுக்கு. அதன் வழியே இறங்கும் சூரிய வெளிச்சம் ஓர் அலுமினியத் தகட்டில் பட்டு, திரும்பிக் கூரையில் பரவுகிறது. ஓவியங்கள் மீது வெயில் படாது. ஆனால் அறை முழுவதும் வெள்ளி போல் மின்னும்! கரித்துண்டின் வெளிச்சத்தில் மயங்கிய குழந்தை கடைசி வரை வெளிச்சத்தை விடவில்லை.

கடனும் கண்ணீரும்

இத்தனை புகழ் பெற்றவர் பணம் சேர்த்தாரா? இல்லை. மனதுக்குத் திருப்தி வரும் வரை படத்தை மாற்றி மாற்றி வரைவார். செலவு ஏறும். இறந்தபோது அவர் அலுவலகத்துக்குச் சுமார் 5 லட்சம் டாலர் கடன்!

குடும்ப வாழ்க்கையும் நேராக இல்லை. மனைவியும் மகளும் இருக்க, வேறு இரு பெண்களிடம் அவருக்கு ஆளுக்கு ஒரு பிள்ளை இருந்தது. கட்டிடங்களுக்குக் கொடுத்த நேரத்தைப் பிள்ளைகளுக்கு அவர் கொடுக்கவில்லை.

தந்தை இறந்தபோது மகன் நத்தானியேலுக்கு 11 வயது. வளர்ந்த பிறகு அவர் காமிராவுடன் புறப்பட்டு, தந்தை கட்டிய கட்டிடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். டாக்கா வரை வந்தார். 2003-ல் அதை ஒரு படமாக வெளியிட்டார். கூடவே இருந்து அறிய முடியாத தந்தையை, அவர் எழுப்பிய சுவர்களிடம் கேட்டு அறிந்துகொண்டார் மகன்.

2020-ம் ஆண்டு டிசம்பரில், ஆமதாபாத்தில் கான் கட்டிய 18 மாணவர் விடுதிகளில் 14-ஐ இடிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. செங்கற்கள் பழுதாகி விட்டன என்பது நிர்வாகத்தின் வாதம். உலகம் முழுவதிலும் இருந்து எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களில், 2021 ஜனவரி முதல் தேதி, அறிவிப்பு வாபஸ் ஆயிற்று. ஆனால் 2022-ல் அந்தப் பேச்சு மீண்டும் எழுந்தது.

கேட்பாரற்றுக் கிடந்தது அவர் உடல். அவர் கட்டிடங்களுக்காகக் கேட்க உலகமே வந்தது!