புகையற்ற மதுச்சாலை

மதுச்சாலையிற் புகைபிடிப்பதைச் சட்டம் தடுக்குமாயின், அதன் உரிமையாளருக்கு நேர்வது யாது? இவ்வினாவுக்கு அயர்லாந்தின் அனுபவம் விடை தரும். மதுச்சாலைகள் உட்பட மூடிய வேலைத்தலங்கள் யாவற்றிலும் நாடு முழுவதும் புகைபிடித்தலை உலகில் முதன்முதலாகத் தடைசெய்தது அந்நாடே. 2004ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.

புகைத்தவர் மாத்திரமன்றி, அதற்கு இடங்கொடுத்த உரிமையாளரும் குற்றவாளியானார். தண்டம் 3,000 யூரோ வரை விதிக்கப்படலாம் என்றிருந்தது. ஆகவே, நேற்றுவரை உபசரித்த வாடிக்கையாளரையே வெளியே அனுப்பும் காவற்கடமை அவர் தலைமேல் விழுந்தது. பின்முற்றம் உடையோர் அங்கே கூரை வேய்ந்து இருக்கைகள் இட்டனர். நெருக்கமான தெருவிற் கடை வைத்திருந்தோர்க்கு அவ்வழியும் இல்லை. வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே குடிக்கத் தலைப்பட்டாற் பிழைப்புக் கெடுமென நாட்டுப்புறத்துச் சிறு மதுச்சாலைக்காரர் அஞ்சினர்.

இவ்வச்சத்தை வீணென்று தள்ளலாகாது. எனினும், அந்நாட்டு மதுச்சாலைகளின் விற்பனை தடைக்கு முன்னரே குறையத் தொடங்கியிருந்தது. ஆதலால், முழுப்பழியையும் சட்டத்தின்மேற் சுமத்துதல் பொருந்தாது.

அன்றியும், நட்டத்தைக் கணக்கிடுவோர் நயத்தையும் கணக்கிடல் வேண்டும். டப்ளின் நகர மதுச்சாலைகளிலே தடைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவீடுகள், காற்றிலிருந்த நுண்துகள்கள் ஐந்தில் நான்கு பங்குக்குமேற் குறைந்தமையைக் காட்டின. புகை பொறாத வாடிக்கையாளர் எழுந்து செல்லலாம். மது வார்த்துக் கொடுக்கும் பணியாளர் அவ்வாறு செல்ல இயலாது. அவர்தம் மூச்சைக் காப்பதற்கே அச்சட்டம் எழுந்தது.