அம்மா வரிசையில், ஓடிபி கம்பெனியில்

ஊத்துக்குளி வட்டாரத்துக் காலனிகளில் பல வீடுகளுக்கு ஒரே செல்போன்தான். காலையில் அதுவும் மகனோடு பனியன் கம்பெனிக்குப் போய்விடுகிறது. மூட்டு வலிக்காக அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் அம்மாவிடம் ‘ஆபா’ எண் கேட்கிறார்கள்.

2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தின் 14 இலக்க எண் அது. நம் சிகிச்சைக் குறிப்புகளை ஓரிடத்தில் பார்க்கலாம். நல்லதுதான். ஆனால் உள்ளே நுழைய ஓடிபி வேண்டும். அது கம்பெனியில் இருக்கும் செல்போனுக்குப் போகிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் என்றால், அதை இப்போது வைத்திருக்கும் யாரோ ஒருவருக்குப் போகும்.

கடைசியில் ஊருக்குள் கம்ப்யூட்டர் கடையில் ஆதாரையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டு, நோயையும் சொல்லி நிற்கிறோம். ‘இதுகூடத் தெரியாதா’ என்ற பார்வை தனி.

ஆபா எண் கட்டாயமில்லை; அது இல்லையென்று சிகிச்சையை மறுக்கக் கூடாது. இதை நாம் உரக்கச் சொல்ல வேண்டும். சந்தேகங்களுக்கு 14477 என்ற உதவி எண் இருக்கிறது. ஓடிபியை முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. ஆபா பதிவும் அப்படி வரட்டும். காலனியிலேயே முகாம் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். அன்றுதான் செல்போன் வீட்டில் இருக்கும்.