ஒலி குடியிருக்கும் வீடு – 9: பின்பக்கத்தைத் திருப்புங்கள்

ஸ்பீக்கர் பாக்ஸின் சிவப்பு, கறுப்பு முனைகளை மாற்றிச் சொருகினால் பேஸ் எப்படி வற்றிப்போகிறது என்று போன வாரம் பார்த்தோம். பரணிலிருந்து ஆம்ப்ளிஃபயரை இறக்கித் தூசி தட்டியவர்களிடம் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “செட் நன்றாக இருக்கிறது, பாக்ஸும் பாடுகிறது. ஆனால் டேப் டெக் போய்விட்டது. பாட்டெல்லாம் போனில் இருக்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?”

சேர்க்கலாம். கடையில் ‘டூ-இன்-ஒன் ப்ளூடூத்’ என்று கேட்டால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டியை எடுத்துத் தருவார்கள். போன் அனுப்பும் பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது அதன் ஒரு வேலை. ஆம்ப்ளிஃபயரிலிருந்தோ டி.வி.யிலிருந்தோ ஒலியை எடுத்து ஹெட்போனுக்கு அனுப்புவது இன்னொரு வேலை. ஓரத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், ஆர்.எக்ஸ். என்றால் வாங்கும், டி.எக்ஸ். என்றால் அனுப்பும்.

இதற்குப் பதில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரே வாங்கிவிடலாமே என்று வீட்டில் சொல்வார்கள். வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எட்டடி இடைவெளியில் நிற்கும் இரண்டு பாக்ஸ்களுக்கு நடுவே உட்கார்ந்தால் பாடகர் நடுவிலும், வயலின்கள் ஒரு பக்கத்திலும், தபலா மறுபக்கத்திலும் வந்து அமர்வார்கள். ஒரே பெட்டிக்குள் ஒரு சாண் தள்ளி வைத்த இரண்டு ஸ்பீக்கர்களால் அந்த இடத்தை உண்டாக்க முடியாது. கனமான டிரான்ஸ்ஃபார்மரும் மரப்பெட்டியும் உள்ள செட்டை எடைக்குப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் உருளையை வாங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

இந்த வேலையில் முன்பக்கத்துக்கு அதிக வேலையில்லை. செட்டை மெதுவாகத் திருப்பி, டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் படியுங்கள். வெள்ளையும் சிவப்புமாக ஜோடி ஜோடியாக ஆர்.சி.ஏ. துளைகள் இருக்கும், வெள்ளை இடது, சிவப்பு வலது. ஜோடிக்கு மேலே ஃபோனோ, டியூனர், ஆக்ஸ், டேப் பிளே, டேப் ரெக் என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கும். ப்ளூடூத் பெட்டி வாங்கும் வேலையில் இருந்தால், அதன் வயர் போக வேண்டிய இடம் ஆக்ஸ். அது இல்லையென்றால் டியூனர். அதுவும் இல்லையென்றால் டேப் பிளே. மூன்றும் ஒரே அளவு ஒலியை எதிர்பார்ப்பவைதான், பெயர்தான் வேறு.

ஃபோனோ மட்டும் வேறு ஜாதி. ரிக்கார்டு பிளேயரின் ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் 200-ல் ஒரு பங்கு. அதை நூறு மடங்கு பெருக்கிக் கொடுப்பதற்காக ஃபோனோவின் உள்ளே தனியாக ஒரு சர்க்யூட் இருக்கிறது. ரிக்கார்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டி வெட்டுவார்கள். அதைச் சரிக்கட்ட இந்த சர்க்யூட் பேஸைக் கூட்டி, ட்ரெபிளைக் குறைக்கும். சி.டி. பிளேயர் போன்றவை தருவதோ 2 வோல்ட் வரை. அந்த அளவு ஒலியை ஃபோனோவில் விட்டால் வருவது உறுமலும் கிழிசலும்தான். “ப்ளூடூத் போட்டேன், குரல் கிழிகிறது, பெட்டி மட்டம்” என்று யாராவது சொன்னால், பெட்டியைத் திட்டுவதற்கு முன்னால் வயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள்.

கும்பகோணத்தில் என் சித்தப்பா வீட்டில் இருக்கும் செட்டில் ஆர்.சி.ஏ. துளையே கிடையாது. 1980-களில் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துக் கட்டியது. உள்ளே நான்கு டூ-என் 3055 டிரான்சிஸ்டர்கள். பின்பக்கத்தில் வட்டமாக, ஐந்து பின் போகும் டின் சாக்கெட். ‘டேப்’ என்று பெயின்ட்டில் எழுதியது பாதி அழிந்திருந்தது. சித்தப்பா ப்ளூடூத் பெட்டியையும் அதன் வயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏன்டா, இது ரெண்டு முனை, அது அஞ்சு ஓட்டை. எப்படிடா சேரும்?”

“அஞ்சுல மூணுதான் நமக்கு வேணும் சித்தப்பா. நடுவுல இருக்கறது எர்த். ஒரு பக்கத்து ரெண்டுல பாட்டு உள்ள போகும், இன்னொரு பக்கத்து ரெண்டுல வெளிய வரும். டேப்புல பதியறதுக்காக வச்சது அது.”

டின் சாக்கெட்டில் பின் எண்கள் வரிசையாக இருக்காது. 1, 4, 2, 5, 3 என்று அரைவட்டமாகப் போகும். 2 எர்த். 3 இடது, 5 வலது. இரண்டிலும் ஒலி உள்ளே போகும். 1-உம் 4-உம் வெளியே வருபவை. கடையில் டின்-ஆர்.சி.ஏ. வயர் ரெடிமேடாகக் கிடைக்கிறது. ஆனால் சிலவற்றில் உள்ளே போகும் பின்கள் மட்டும், சிலவற்றில் வெளியே வருபவை மட்டும் இணைத்திருப்பார்கள். நான்கு ஆர்.சி.ஏ. முனைகள் உள்ள வயரை வாங்கிவிட்டால் இரண்டு வழியும் கைவசம் இருக்கும். அதைத்தான் வாங்கினோம்.

செருகியதும் பாட்டு வந்தது. கூடவே ஒரு ரீங்காரமும் வந்தது. பாட்டு நின்றாலும் அது நிற்கவில்லை. வால்யூமைக் கூட்டினால் அதுவும் கூடியது. காரணம் பெட்டிக்கு வந்த கரண்ட். டி.வி.யின் யு.எஸ்.பி. துளை பக்கத்திலேயே இருக்கிறதே என்று அதிலிருந்து எடுத்திருந்தார்கள். டி.வி.க்கு செட்-டாப் பாக்ஸ் வழியாக கேபிள் வருகிறது; அந்தக் கேபிளின் மேலுறைக் கம்பிக்குத் தெருவில் எங்கோ ஓர் எர்த். ஆம்ப்ளிஃபயருக்கு வீட்டில் வேறு எர்த். ஆடியோ வயர் இரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. வளையத்தில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஸ்பீக்கரில் ரீங்காரமாக வந்துவிடும். யு.எஸ்.பி. வயரை டி.வி.யிலிருந்து பிடுங்கி, மேஜை டிராயரில் கிடந்த பழைய போன் சார்ஜரில் மாட்டினோம். சட்டென்று அடங்கிவிட்டது. எல்லா வீட்டிலும் இவ்வளவு சுலபமாக அடங்காது. பவர் பேங்கில் போட்டுப் பாருங்கள். அதில் ரீங்காரம் இல்லையென்றால் குற்றம் கரண்ட் வரும் வழியில் இருக்கிறது. அப்போதும் தொந்தரவு தொடர்ந்தால், ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று ஒரு சின்ன உருளை கிடைக்கிறது. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒலியை விட்டுவிட்டு எர்த் தொடர்பை மட்டும் துண்டித்துவிடும்.

பிறகு இடது, வலது சோதனை. 1978-இல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்களைப் போடச் சொன்னார் சித்தப்பா. தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ பதிவு காலூன்றத் தொடங்கிய நேரத்துப் பாடல்கள் அவை. இரண்டு பாக்ஸுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “எல்லாம் நடுவுலயே வருதேடா” என்றார். அவர் காது தப்பாது. போன் செட்டிங்கில் ‘மோனோ ஆடியோ’ ஆனாகி இருந்தது. ஒரு காது மந்தமானவர்களுக்காக வைத்திருக்கும் வசதி அது. அவர் ஹெட்போன் போடும்போது யாரோ தட்டிவிட்டிருக்கிறார்கள். அதை அணைத்ததும் வாத்தியங்கள் விலகி நின்றன. உங்கள் வீட்டிலும் எல்லாம் நடுவிலேயே வந்தால் இதை முதலில் பாருங்கள். அடுத்து வயரைப் பாருங்கள். 3.5 எம்.எம். பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் ஸ்டீரியோ, ஒன்றே ஒன்று இருந்தால் மோனோ.

இனி காற்றில் நடப்பது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் யாப் ஹார்ட்சன் என்ற பொறியாளர் தொடங்கிய வேலைதான் ப்ளூடூத்தாக வளர்ந்தது. ஆரம்பத்தில் அது பேச்சுக்கும் சின்னச் சின்னத் தகவல்களுக்கும்தான். ஸ்டீரியோ இசையை அனுப்பும் முறை 2003-இல் வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 தடவை தடம் மாறித் தாவிக்கொண்டே ஒலியை அனுப்புகிறது. ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தாலும் அடுத்த தாவலில் தப்பித்துவிடும். நம் நாட்டில் 2005-இலிருந்து இந்த அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதனால்தான் அங்கே நெரிசல். வீட்டு வைஃபை அங்கேதான் இருக்கிறது, மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் கசிகிறது. பாட்டு விக்கி விக்கி வந்தால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அதைவிட முக்கியம், பெட்டியை ஆம்ப்ளிஃபயரின் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். இரும்பு ஷீட், பீரோ, அதற்கெல்லாம் மேலாக நீர் நிறைந்த மனித உடம்பு, மூன்றுமே இந்த அலையை மறிப்பவை. வயரை ஒரு முழம் நீட்டமாக வாங்கிப் பெட்டியை மேலே எடுத்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஒலியின் தரம் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். சி.டி.யில் நொடிக்கு 1,411 கிலோபிட். எல்லா ப்ளூடூத் கருவியிலும் கட்டாயம் இருக்கும் எஸ்.பி.சி. முறையில் வழக்கமான உச்சம் 328. நாலில் ஒரு பங்குகூட இல்லை. சோனியின் எல்.டி.ஏ.சி. 990 வரை போகும். ஆனால் போனும் பெட்டியும் இரண்டுமே அறிந்த முறையில்தான் பேச முடியும். ஐபோனுக்கு எல்.டி.ஏ.சி. தெரியாது, ஏ.ஏ.சி. தெரியும். ஏற்கெனவே சுருக்கிப் பதிந்த பழைய சினிமாப் பாட்டைக் கேட்பவருக்கு எஸ்.பி.சி.யே தாராளம். கர்நாடகக் கச்சேரியை நல்ல ரெக்கார்டிங்கில், தம்புராவின் சுருதி தேயாமல் கேட்க வேண்டும் என்பவர் மட்டும் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

பணம் கொடுக்க வேண்டிய இன்னொரு இடம் இருக்கிறது. வாங்கிக் கேட்பதற்கு மட்டும்தான் என்றால் பேட்டரி இல்லாத பெட்டியாக வாங்குங்கள். பேட்டரி உள்ளதைப் பெரும்பாலும் பட்டனை அழுத்தித்தான் உயிர்ப்பிக்க வேண்டும். பேட்டரி இல்லாதது கரண்ட் வந்ததும் தானாக விழித்து, பழகிய போனைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அடிக்கடி கரண்ட் போகும் ஊர்களில் இது பெரிய நிம்மதி.

வால்யூமை இரண்டு இடத்தில் திருகுகிறோம் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. போனில் பாதியும் ஆம்ப்ளிஃபயரில் முழுசுமாக வைத்தால் ஸ்ஸ்... என்ற இரைச்சல்தான் பெரிதாகும். போனை முக்காலுக்கு மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, இனி ஏற்றுவதும் இறக்குவதும் செட்டின் குமிழில் இருக்கட்டும். போனின் மெசேஜ் சத்தத்தையும் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பின் ஒரு ‘டிங்’ 50 வாட்டில் கூடத்தையே உலுக்கும்.

அனுப்பும் வேலைக்கு வருவோம். சித்திக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். டி.வி.யை உச்சத்தில் வைப்பார், சித்தப்பாவுக்குத் தூக்கம் போகும். டி.எக்ஸ். பக்கம் ஸ்விட்சைத் தள்ளி, டி.வி.யின் ஆப்டிகல் துளையில் பெட்டியை மாட்டி, சித்திக்கு ஒரு ஹெட்போன் கொடுத்தாயிற்று. ஆப்டிகலில் மாட்டியும் சத்தமே வரவில்லையென்றால் டி.வி.யின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட்டை பி.சி.எம். என்று மாற்ற வேண்டும். டால்பி சிக்னலை இந்தச் சின்னப் பெட்டிகளில் பலவற்றால் பிரித்துப் படிக்க முடியாது. பாட்டு கேட்கும்போது தெரியாத ஒரு குறை, படம் பார்க்கும்போது தெரியும்: வாய் அசைந்த பிறகு வசனம் வரும். எஸ்.பி.சி.யில் இந்தத் தாமதம் 200 மில்லிசெகண்டை ஒட்டியே இருக்கும். ஆப்ட்-எக்ஸ் லோ லேட்டன்ஸி என்ற முறையில் 40 மில்லிசெகண்ட் அளவுக்குக் குறையும். ஆனால் பெட்டி, ஹெட்போன் இரண்டிலும் அது இருந்தால்தான். சீரியல் பார்ப்பவருக்கு வாங்குவதானால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து அனுப்புவதற்கு டேப் ரெக் துளை. ராத்திரியில் ரிக்கார்டு போட்டு, அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்காமல் ஹெட்போனில் கேட்கலாம். செட்டின் வால்யூமை முழுக்க இறக்கினாலும் டேப் ரெக்கில் ஒலி குறையாது. அது வால்யூம் குமிழுக்கு முன்னாலேயே பிரிந்துவிடும் வழி. ஸ்பீக்கர் முனைகளிலிருந்து மட்டும் வயர் இழுத்து இந்தப் பெட்டிக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் போகும்போது அந்த முனைகளில் 20 வோல்ட் இருக்கும், பெட்டி கருகிவிடும்.

கடைசியாக ஒன்று. குடும்பத்தில் எல்லாருடைய போனையும் பெட்டியோடு பழக்கிவிட்டால், வாசலில் செருப்பைக் கழற்றும் பேரனின் போன் தாத்தாவின் பாட்டை நடுவில் பிடுங்கிக்கொள்ளும். மற்ற போன்களின் ப்ளூடூத் பட்டியலில் இந்தப் பெட்டியை ‘மறந்துவிடு’ என்று கொடுத்துவிட்டு, செட்டில் பாட்டு கேட்பவர் போனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம், இன்று ஒதுக்கி வைத்த ஃபோனோ துளைக்கு வருவோம்: ரிக்கார்டு பிளேயரின் ஊசியை எப்போது மாற்றுவது, அதன் எடையை எப்படி அளப்பது?