தாய்ப்பலகை வடிவக்காரணி

தாய்ப்பலகை வடிவக்காரணி என்பது கணினியின் தாய்ப்பலகையுடைய நீள அகலம், அதனைப் பெட்டியில் பொருத்துவதற்கான திருகாணித் துளைகளின் இடம், பின்புற இணைப்பு வாய்களின் இடம், மின்வழங்கியின் வகை ஆகியவற்றை வரையறுக்கும் தரப்பாடு ஆகும். வெவ்வேறு நிறுவனங்கள் தனித்தனியே உருவாக்கும் தாய்ப்பலகையும், வழக்கில் கேபினெட் எனப்படும் கணினிப் பெட்டியும் ஒன்றோடொன்று பொருந்துவது இத்தரப்பாட்டினாலேயே ஆகும். பழைய தாய்ப்பலகையைப் புதிய பெட்டிக்கு மாற்றும்போதும், இருக்கும் பெட்டிக்குப் புதிய தாய்ப்பலகை வாங்கும்போதும் முதலில் அறியவேண்டியது இதுவே.

வரலாறு

1984 ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட பிசி/ஏடி கணினியின் பலகை அமைப்பை ஏனைய நிறுவனங்களும் பின்பற்றியதால் ஏடி வடிவம் உருவானது. இதன் சிறிய வடிவமான பேபி ஏடி 1990களின் நடுப்பகுதி வரை பரவலாகப் பயன்பட்டது. ஏடி பலகைகளில் மின்சாரம் இரண்டு ஆறுமுனைச் செருகிகள் வழியாக வழங்கப்பட்டது. இவற்றை இடம் மாற்றிச் செருகினால் பலகை பழுதடையும். எனவே இரு செருகிகளின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் அடுத்தடுத்து வருமாறு பொருத்தவேண்டும் என்பது அக்காலத்தில் கணினி பழுதுபார்ப்போர் முதலில் கற்ற பாடமாகும்.

1995 இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் தரப்பாட்டை வெளியிட்டது. இதில் பின்புற இணைப்பு வாய்கள் அனைத்தும் ஒரே செவ்வகப் பகுதியில் அமைக்கப்பட்டன. ஒரே திசையில் மட்டும் செருகக்கூடிய 20 முனை மின்செருகியும் அறிமுகமானது. இது பின்னர் 24 முனைகளாக விரிவாக்கப்பட்டது. ஏடிஎக்சுக்கு மாற்றாக இன்டெல் 2004 இல் கொண்டுவந்த பிடிஎக்ஸ் வடிவம் வரவேற்பைப் பெறவில்லை. 2006 இல் அதன் வளர்ச்சிப் பணி கைவிடப்பட்டது.

முதன்மை வடிவங்கள்

- ஏடிஎக்ஸ்: 305 × 244 மிமீ. ஏழு விரிவாக்கச் செருகுவாய்கள் வரை கொண்டது.
- மைக்ரோ ஏடிஎக்ஸ்: அதிகளவாக 244 × 244 மிமீ. 1997 இல் இன்டெல் அறிமுகப்படுத்தியது. நான்கு செருகுவாய்கள் வரை கொண்டது.
- மினி ஐடிஎக்ஸ்: 170 × 170 மிமீ. 2001 இல் வியா டெக்னாலஜீஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. ஒரே ஒரு செருகுவாயும் நான்கு திருகாணித் துளைகளும் கொண்டது.
- ஈ-ஏடிஎக்ஸ்: 305 × 330 மிமீ. எனினும் 244 மிமீ அகலத்தைச் சற்றே தாண்டும் பலகைகளும் இப்பெயரிலேயே விற்கப்படுகின்றன. எனவே பெயரை நம்பாது அளவைப் பார்த்தல் வேண்டும்.

பெட்டியுடன் பொருந்துதல்

மைக்ரோ ஏடிஎக்ஸ், மினி ஐடிஎக்ஸ் ஆகியவை ஏடிஎக்ஸ் அமைப்பை ஒட்டியே வரையறுக்கப்பட்டன. மூன்றிலும் பின்புற இணைப்பு வாய்கள் ஒரே மூலையில் அமைகின்றன. அவற்றைச் சூழும் தகட்டுக்கான பெட்டியின் திறப்பும் ஒரே அளவே (ஏறத்தாழ 159 × 44.5 மிமீ). ஆகவே ஏடிஎக்ஸ் பெட்டியில் பொதுவாக இச்சிறிய பலகைகளையும் பொருத்தலாம். ஆனால் சிறிய பெட்டியில் பெரிய பலகையைப் பொருத்த இயலாது.

பின்புறத் தகடு பலகைக்குப் பலகை மாறுபடும். பெட்டியை மாற்றும்போது பழைய பெட்டியிலிருந்து இத்தகட்டையும் கழற்றி எடுத்துக்கொள்ளல் வேண்டும். சில புதிய பலகைகளில் இது பலகையுடனேயே இணைந்து வருகிறது.

தாங்கிகள்

தாய்ப்பலகை பெட்டியின் உலோகத் தட்டில் நேரடியாக வைக்கப்படுவதில்லை. ஸ்டாண்ட் ஆஃப் எனப்படும் சிறு பித்தளைத் தாங்கிகளின் மீது அது நிற்கிறது. பலகையின் அடிப்பக்கத்தில் பற்றாசு வைத்த முனைகள் வெளியே தெரியுமாறு இருப்பதால், அவை உலோகத்தைத் தொடாதிருக்க இந்த இடைவெளி இன்றியமையாதது.

பெட்டி மாற்றும்போது நிகழும் மோசமான தவறு இவ்விடத்திலேயே ஏற்படுகிறது. மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையில் ஏடிஎக்ஸ் பலகைக்கு இல்லாத சில துளை இடங்கள் உண்டு. ஒரு பலகைக்காகப் பொருத்திய தாங்கியை அகற்றாமல் மற்றொரு பலகையை வைத்தால், துளையில்லாத இடத்தில் அத்தாங்கி பலகையின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் குறுக்குச்சுற்றை ஏற்படுத்தலாம். இதனால் கணினி இயங்காமல் போகலாம். பலகை நிரந்தரமாகப் பழுதடையவும் கூடும்.

இதனைத் தவிர்க்கும் முறை எளிது. முதலில் பலகையை வெற்றுத் தட்டின் மீது பிடித்துத் துளைகளைக் கண்டு, அவற்றுக்கு நேரான இடங்களில் மட்டும் தாங்கிகளைத் திருகவேண்டும். பின்னர் துளைகளையும் தாங்கிகளையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தாங்கிகளின் எண்ணிக்கை மிகுதியாக இருந்தால் ஏதோ ஒன்று தவறான இடத்தில் உள்ளது எனப் பொருள்.

விலை குறைந்த ஏடிஎக்ஸ் பலகைகள் சில 244 மிமீக்கும் குறைவான அகலம் உடையவை. இவற்றின் முன் ஓரத்தில் துளைகள் இல்லாததால் அப்பகுதி தாங்கியின்றி நிற்கும். அங்கே 24 முனைச் செருகியை அழுத்தும்போது பலகை வளையாதவாறு விரலால் தாங்கிக்கொள்ளல் நன்று.

வடிவக்காரணி உறுதிசெய்யாதவை

வடிவக்காரணி பொருந்தினால் பலகை பெட்டியினுள் அமரும் என்பது மட்டுமே உறுதி. பின்வருவனவற்றைத் தனியே அளந்து பார்க்கவேண்டும்.

- வரைகலை அட்டையின் நீளமும் தடிமனும்.
- செயலியின் மீது பொருத்தப்படும் குளிர்விப்பானின் உயரம்.
- மின்வழங்கியின் அளவு. ஏடிஎக்ஸ் மின்வழங்கி 150 மிமீ அகலமும் 86 மிமீ உயரமும் உடையது. சிறிய பெட்டிகள் பல 125 × 63.5 மிமீ அளவுள்ள எஸ்எஃப்எக்ஸ் வகையையே ஏற்கும்.
- முன்பக்க யுஎஸ்பி வாய்களுக்கான செருகிகள் பலகையில் உள்ளனவா என்பது.

தரப்பாட்டிற்கு உட்படாத பலகைகள்

பெருநிறுவனங்கள் முழுமையாகச் சேர்த்து விற்கும் கணினிகள் பலவற்றில் தனித்த வடிவமுள்ள பலகைகள் பயன்படுகின்றன. இவற்றின் துளைகள், மின்செருகி, தொடக்கப் பொத்தானின் இணைப்பு ஆகியவை வேறுபடலாம். இத்தகைய கணினியின் பெட்டியை மட்டும் மாற்ற எண்ணுவோர், புதிய பெட்டியை வாங்குமுன் பழையதைத் திறந்து பலகையை அளந்து பார்ப்பது பொருள் இழப்பைத் தவிர்க்கும்.

மின்செருகிகளைப் பலகையின் பின்பக்கத்தில் கொண்ட ஏடிஎக்ஸ் பலகைகளும் தற்போது விற்பனையில் உள்ளன. இவற்றின் நீள அகலம் வழக்கமானதே எனினும், தட்டில் அதற்கேற்ற திறப்புகள் உள்ள பெட்டிகளில் மட்டுமே இவற்றைப் பொருத்தமுடியும்.