திருப்பதி காவல் துறை: எல்லைகள் மாறின, கேள்வி மாறவில்லை

புது தில்லி: காட்பாடியிலிருந்து திருப்பதி செல்லும் ரயில் பாதையில், சித்தூருக்கு அடுத்த முக்கியச் சந்திப்பு பாகாலா. அங்கு நடைமேடையில் நிகழும் குற்றத்தை விசாரிப்பது மாநில அரசின் ரயில்வே போலீஸ்; ரயில்வே சொத்தைக் காப்பது மத்திய அரசின் ரயில்வே பாதுகாப்புப் படை; நிலையத்தின் வாசலைத் தாண்டினால் திருப்பதி மாவட்டக் காவல் துறையின் எல்லை.

இந்த மாவட்டக் காவல் அமைப்பின் வேர் சென்னையில் உள்ளது. வரி வசூலிக்க மக்கள் சித்திரவதை செய்யப்பட்டதை, சென்னை மாகாண அரசு அமைத்த விசாரணைக் குழு 1855-இல் உறுதி செய்தது. வருவாய்த் துறைக்கும் காவல் பணிக்கும் ஒரே ஊழியர்கள் இருந்ததே காரணம் எனக் கருதப்பட்டது. அதன் விளைவாக 1859-இல் தனிக் காவல் சட்டம் பிறந்தது. நாடு தழுவிய 1861-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அது இரண்டாண்டு மூத்தது.

1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953-இல் ஆந்திரத்துடன் சென்றது. பின்னாளில், யாத்ரிகர் கூட்டம் பெருகிய திருப்பதி நகர்ப்புறத்துக்கெனத் தனிக் கண்காணிப்பாளர் நியமிக்கப்பட்டார். 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமானபோது பாகாலாவும் அதில் சேர்ந்தது. விஜயவாடா, விசாகப்பட்டினம் நகரங்களில் காவல் ஆணையர் உண்டு. திருப்பதியில் கண்காணிப்பாளரே தலைவர். மாவட்ட நிர்வாக நடுவர் அதிகாரம் ஆட்சியரிடமே உள்ளது.

தமிழகத்துக்கு இது அயலூர் விவகாரம் அன்று. 2015 ஏப்ரல் 7-இல் பாகாலாவுக்கு அண்மையிலுள்ள சந்திரகிரியை ஒட்டிய சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இறந்தனர். தற்காப்புக்காகச் சுட்டதாகப் போலீஸார் கூறினர். பிடித்துச் சென்று கொன்றதாக மனித உரிமை அமைப்புகள் குற்றஞ்சாட்டின. சி.பி.ஐ. விசாரணைக்கு தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது.

காவல் துறை மாநிலப் பட்டியலில் உள்ளது என்பது நாடாளுமன்றத்தில் மத்திய அரசு வழக்கமாகத் தரும் பதில். பிற மாநிலத்தில் உயிரிழந்தவரின் குடும்பம் அப்படியானால் எங்கே முறையிடும்? மாநிலத்திலும் மாவட்டத்திலும் காவல் துறை மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் அமைக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22-இல் உத்தரவிட்டது. அத்தகைய ஆணையம் காகிதத்தில் இருந்தால் போதாது. கூலித் தொழிலாளியின் மனைவி அணுகக் கூடியதாகவும், காவல் அதிகாரிகளுக்குக் கட்டுப்படாததாகவும் இருக்க வேண்டும். 1855-இல் எழுந்த கேள்வியும் அதுதான்: காவலரின் அதிகாரத்தைக் கண்காணிப்பவர் யார்?